ட்யூனர் கார்டில் படம் வருகிறது, ரிமோட் மட்டும் ஊமை: லினக்ஸில் எங்கே தேடுவது?

கேள்வி சுருக்கமாக இது: பழைய பிசிஐ டிவி ட்யூனர் கார்டு, உள்ளே எஸ்ஏஏ7134 சிப். லினக்ஸில் படமும் ஒலியும் வந்துவிட்டன. கூடவே வந்த ரிமோட்டில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. எங்கோ படித்த குறிப்பை வைத்து லிர்க் என்ற ரிமோட் மென்பொருளை நிறுவி, அதன் அமைப்புக் கோப்போடு இரண்டு நாள் மல்லுக்கட்டியும் பலனில்லை. அடுத்து என்ன செய்வது?

முதல் வேலையாக லிர்க்கை நிறுத்துங்கள். நீக்க வேண்டாம், சேவையை மட்டும் நிறுத்தினால் போதும். இப்போதைக்கு அது நடுவில் நின்றுகொண்டு குழப்பத்தைத்தான் கூட்டும்.

லிர்க் மோசமான மென்பொருள் என்று சொல்லவில்லை. ஒரு காலத்தில் லினக்ஸில் ரிமோட் என்றாலே பெரும்பாலும் லிர்க்தான். கார்டுக்கு ஏற்ற மாட்யூலை, அதாவது டிரைவர் துண்டை, தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும், லினக்ஸின் மையமான கர்னல் மாறினால் மறுபடியும் கம்பைல் செய்ய வேண்டும். 2010-இல் வந்த 2.6.35, 2.6.36 கர்னல்களோடு இந்த நிலை மாறியது. ரிமோட்டின் சிக்னலைப் புரிந்துகொள்ளும் வேலையைக் கர்னலே எடுத்துக்கொண்டது. அந்தப் பகுதிக்கு இன்று ஆர்சி-கோர் என்று பெயர். அதற்குப் பிறகு கர்னலைப் பொறுத்தவரை உங்கள் ரிமோட் ஒரு சின்ன கீபோர்டு, அவ்வளவுதான். ஆகவே லிர்க்_ஜிபிஐஓ, லிர்க்_ஐ2சி போன்ற மாட்யூல்களை ஏற்றச் சொல்லும் குறிப்பு எதுவும் கண்ணில் பட்டால், அது அந்தப் பழைய காலத்துச் சரக்கு. தாண்டிப் போய்விடுங்கள்.

ஒரு பட்டனை அழுத்தியதும் நடப்பது இது. ரிமோட் முனையில் இருக்கும் எல்ஈடி கண்ணுக்குத் தெரியாத ஒளியில் துடிக்கிறது. சென்சார் அதைப் பிடித்துக் கார்டுக்கு அனுப்புகிறது. டிரைவர் அதிலிருந்து ஒரு எண்ணை எடுக்கிறது, இதுதான் ஸ்கேன்கோட். கீமேப் என்ற அட்டவணையைப் பார்த்து அந்த எண் ஒரு கீயாக மாறுகிறது. அந்தக் கீ டெஸ்க்டாப்புக்குப் போய், அங்கிருந்து பிளேயருக்குப் போகிறது. இதில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பதை ஒளி கிளம்பும் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வர வேண்டும். எல்லோரும் பிளேயர் பக்கத்திலிருந்து தொடங்குவதால்தான் இரண்டு நாள் போகிறது.

ஒளியில் ஆரம்பிக்கலாம். போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை லென்ஸுக்கு நேராகக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளையாக ஒரு புள்ளி மினுக்கினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. சில போன்களின் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் பலமாக இருக்கும். அப்போது செல்ஃபி கேமராவில் பாருங்கள். அடுத்து சென்சார். இந்த மாதிரிக் கார்டுகளில் சென்சார் ஒரு நீளமான ஒயரின் நுனியில் இருக்கும், மறுநுனியில் 3.5 மில்லிமீட்டர் ஜாக். கார்டின் பின்புறத்தில் ஒலி உள்ளே வர ஒரு துளை, வெளியே போக ஒரு துளை, ரிமோட்டுக்கு ஒரு துளை என்று மூன்றும் அச்சாக ஒரே மாதிரி இருக்கும். பெயர் பொறித்திருக்கும் எழுத்து எறும்பு அளவு. நான் ஒரு முழு ராத்திரி கர்னல் மூலநிரலைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, விடியற்காலையில் மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது சென்சார் ஒயர் ஒலித் துளையில் சொருகியிருந்தது. அதனால் வெட்கப்படாமல் குனிந்து பாருங்கள். விண்டோஸில் இதே ரிமோட், அதே ஒயர் அதே துளையில் இருக்கும்போது வேலை செய்கிறது என்றால் இந்தப் பத்தி முழுவதையும் விட்டுவிடலாம்.

இனி கர்னல். டெர்மினலில், கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கமாண்டைக் கொடுத்து, எஸ்ஏஏ7134 என்று தொடங்கும் வரிகளை மட்டும் பிரித்துப் பாருங்கள். அதில் "போர்டு" என்ற சொல்லுக்கு அடுத்து உங்கள் கார்டின் பெயரும், "கார்டு" என்பதற்கு அடுத்து ஒரு எண்ணும் இருக்க வேண்டும். பெயருக்குப் பதில் "அன்நோன்/ஜெனரிக்" என்றும் எண்ணுக்குப் பதில் 0 என்றும் இருந்தால், உங்கள் பிரச்சினை அங்கேதான்.

இதற்குக் காரணம் எளிது. ஒழுங்கான கார்டில் ஈப்ராம் என்ற சின்ன சிப்பில் அதன் அடையாள எண் எழுதியிருக்கும். டிரைவர் அதைப் படித்து, இது இன்ன கார்டு, இதன் ரிமோட் இன்ன கால்களில் இணைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். மலிவுக் கார்டுகளில் அந்தச் சிப்பே இருக்காது. டிரைவரை எழுதியவர்களுக்கு இதில் இருந்த கடுப்பு டிமெசேஜிலேயே தெரியும்: "வாழ்த்துகள், உங்கள் கார்டைத் தயாரித்தவர் ஒரு ஈப்ராமுக்கு ஆகும் சில சென்டுகளை மிச்சப்படுத்திவிட்டார்" என்ற பொருளில் ஒரு வசை வரும், அதற்குக் கீழே "இப்போது மனம் லேசாகிவிட்டது" என்று ஒரு வரி, அப்புறம் கார்டுகளின் முழுப் பட்டியல். கர்னல் செய்திகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

"படம்தான் வருகிறதே, அப்படியானால் கார்டு எண் சரியாகத்தானே இருக்க வேண்டும்" என்று தோன்றும். அப்படியில்லை. படத்துக்கு வேண்டியது சிப்பும் ட்யூனரும். அவை பத்துப் பன்னிரண்டு கார்டுகளில் ஒன்றாகவே இருக்கும். ரிமோட் இணைப்பு அப்படியல்ல, அது ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்குச் சாலிடர் வைத்த விஷயம். பக்கத்து எண்ணைப் போட்டால் படம் பிரமாதமாக வரும், ரிமோட் பேசாது. ஆகவே பட்டியலில் உங்கள் கார்டின் சரியான பெயரைத் தேடுங்கள். பெட்டியில் அச்சடித்த பெயரைவிடக் கார்டின் பலகையில் பொறித்திருக்கும் மாடல் எண்ணை நம்புங்கள். எண் கிடைத்ததும், மாட்யூல் அமைப்புகளுக்கான மோட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, அதில் ஒரே வரி:

ஆப்ஷன்ஸ் எஸ்ஏஏ7134 கார்டு=(உங்கள் எண்)

எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு மாட்யூலை இறக்கி ஏற்றலாம் என்று பார்த்தால், "பயன்பாட்டில் இருக்கிறது" என்று மறுக்கும். கார்டின் ஒலிப் பகுதிக்கு எஸ்ஏஏ7134_அல்சா என்று தனி மாட்யூல் உண்டு, அதை டெஸ்க்டாப்பின் ஒலிச் சேவை பிடித்துவைத்திருக்கும். அதோடு போராடாமல் கணினியை ரீஸ்டார்ட் செய்வதே லாபம்.

பட்டியலில் இருக்கும் எண்களை ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு எண்ணும் சிப்பின் ஜிபிஐஓ (பொது உள்ளீடு-வெளியீடு) கால்களில் எது உள்ளீடு, எது வெளியீடு என்பதையே மாற்றுகிறது. உங்கள் கார்டுக்கு நெருக்கமான மூன்று நான்கு பெயர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, கார்டு எண் அமைந்துவிட்டது. இப்போது /ப்ராக்/பஸ்/இன்புட்/டிவைசஸ் என்ற கோப்பைத் திறந்தால் கீபோர்டு, மவுஸோடு சேர்த்து "எஸ்ஏஏ7134 ஐஆர்" என்று தொடங்கும் ஒரு பெயரும் இருக்க வேண்டும். இருந்தால் பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இனி வேண்டியது ஐஆர்-கீடேபிள் என்ற கருவி. டெபியன், உபுண்டுவில் அதே பெயரில் பேக்கேஜ் இருக்கிறது. வேறு சில விநியோகங்களில் வி4எல்-யூடில்ஸ் என்ற பேக்கேஜுக்குள் இருக்கும். ரூட் உரிமையோடு, ஆப்ஷன் எதுவும் சேர்க்காமல் வெறுமனே ஓட்டுங்கள். ஆர்சி0, ஆர்சி1 என்று கர்னலுக்குத் தெரிந்த ரிசீவர்களையும், ஒவ்வொன்றின் டிரைவர், கீமேப், புரோட்டோகால் விவரங்களையும் காட்டும்.

இதில் ஒரு சின்னப் பொறி. ஆர்சி0 என்பது உங்கள் ட்யூனர் கார்டாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எச்டிஎம்ஐ வழியாக டிவி ரிமோட்டின் கட்டளைகளைக் கொண்டுவரும் சிஈசி வசதியும் கர்னலில் ஒரு ஆர்சி சாதனமாகத்தான் பதிவாகும். டிரைவர் என்ற வரியில் எஸ்ஏஏ7134 என்று இருப்பது எது என்று பார்த்து, இனி எல்லாக் கமாண்டிலும் --சிஸ்டெவ் ஆப்ஷனோடு அந்தப் பெயரையே கொடுங்கள்.

புரோட்டோகால், அதாவது ரிமோட் பேசும் மொழி பற்றி ஒரு வார்த்தை. ட்யூனர் கார்டுகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, ஒளித்துடிப்பைக் கார்டில் இருக்கும் வேறொரு சிப்பே படித்து, முடிவான எண்ணை மட்டும் ஜிபிஐஓ கால்களிலோ, சிப்கள் தமக்குள் பேசும் ஐ2சி இணைப்பு வழியாகவோ நீட்டுவது. டிரைவர் அதை அவ்வப்போது எட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளும். இந்தச் சாதியில் கார்டோடு வந்த ரிமோட் மட்டும்தான் வேலை செய்யும். வேறு ரிமோட்டைக் கொண்டுவந்து எத்தனை அமைப்பை மாற்றினாலும் அசையாது. இன்னொன்று, துடிப்பை அப்படியே கர்னலுக்குத் தள்ளிவிடுவது. அங்கே கர்னல்தான் மொழிபெயர்ப்பாளர். என்ஈசி, ஆர்சி-5, ஆர்சி-6, சோனி என்று பல மொழிகள் அதற்குத் தெரியும். என்ஈசி 38 கிலோஹெர்ட்ஸ் அலையில் முதலில் 9 மில்லிசெகண்ட் நீளத்துக்கு ஒரு துடிப்பு, 4.5 மில்லிசெகண்ட் இடைவெளி, அப்புறம் 32 பிட்கள் என்று பேசும். பிலிப்ஸ் கொண்டுவந்த ஆர்சி-5 பேசுவது 36 கிலோஹெர்ட்ஸில், 14 பிட்களில். கர்னல் என்ஈசிக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஆர்சி-5 ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் அதன் காதில் விழாது. உங்கள் கார்டு எந்தச் சாதி என்பதை ஐஆர்-கீடேபிள் காட்டும் "சப்போர்ட்டட்" வரியே சொல்லிவிடும்: நீளமான பட்டியல் இருந்தால் இரண்டாம் சாதி, வெறுமையாகவோ ஓரிரு பெயரோடோ நின்றால் முதல் சாதி.

இப்போது சோதனை. இரண்டாம் சாதி என்றால் முதலில் --புரோட்டோகால்=ஆல் என்று கொடுத்து எல்லா மொழிகளையும் திறந்துவிடுங்கள். அப்புறம் --டெஸ்ட் ஆப்ஷனோடு ஓட்டிவிட்டு, சென்சாரைப் பார்த்து ரிமோட்டின் 5-ஐ ஒருமுறை அழுத்துங்கள். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு வகை வரிகள் வரும்: ஒன்றில் ஸ்கேன்கோட், இன்னொன்றில் "கீ டவுன்" என்பதோடு கீ_5 என்ற பெயர். விரலை எடுத்ததும் "கீ அப்".

எதுவுமே வரவில்லையா? கார்டு எண்ணுக்குத் திரும்புங்கள், இல்லையென்றால் மேசைக்கு அடியில் மறுபடியும் குனியுங்கள். ஸ்கேன்கோட் வருகிறது, கீ பெயர் வரவில்லையா? அது நல்ல செய்தி. ஒயர், டிரைவர், புரோட்டோகால் எல்லாம் சரி, கீமேப் மட்டும் பொருந்தவில்லை. கீ பெயர் வருகிறது, ஆனால் 5-க்குப் பதில் வால்யூம் என்று தப்பாக வருகிறதா? அதுவும் கீமேப்தான்.

கீமேப் எழுதுவது ஒரு காபி நேர வேலை. ரிமோட்டின் மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, வரும் ஸ்கேன்கோடைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கருவியோடு வந்த மாதிரிக் கோப்புகள், சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ் சேவையின் அடைவுக்குள் ஆர்சி_கீமேப்ஸ் என்ற இடத்தில் நூற்றுக்கும் மேல் இருக்கும். ஒன்றை நகலெடுத்துப் பெயர், புரோட்டோகால், ஸ்கேன்கோட் வரிகளை மாற்றினால் முடிந்தது. வி4எல்-யூடில்ஸின் புதிய பதிப்புகளில் இந்தக் கோப்புகள் டாமில் என்ற அமைப்புக் கோப்பு வடிவத்தில் இருக்கின்றன, பழைய வெறும் உரை வடிவத்தையும் கருவி படிக்கும். உங்கள் கோப்பை /ஈடிசி/ஆர்சி_கீமேப்ஸ் அடைவில் வைத்து, --கிளியர் கொடுத்துப் பழைய அட்டவணையைத் துடைத்துவிட்டு, --ரைட் கொடுத்துப் புதியதை ஏற்றுங்கள். ஒரே ஒரு பட்டனை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் கோப்பே வேண்டாம், --செட்-கீ போதும்.

இனிமேல்தான் பலர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம். சோதனையில் எல்லாப் பட்டனும் அழகாக வருகிறது. டெஸ்க்டாப்புக்கு வந்தால் வால்யூம் வேலை செய்கிறது, மியூட் வேலை செய்கிறது, ஓகே பட்டனும் சேனல் மாற்றும் பட்டன்களும் மட்டும் செத்துக் கிடக்கின்றன. பாதி வேலை செய்வதால் கீமேப் சரி என்று நினைத்துப் பிளேயரைத் திட்ட ஆரம்பிப்போம்.

கணக்கைப் பாருங்கள். கர்னலில் ஒவ்வொரு கீக்கும் ஒரு எண் உண்டு. மியூட் 113, வால்யூம் கூட்டுவது 115. டெஸ்க்டாப்புக்கு அடியில் திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் எக்ஸ் சர்வர் அந்த எண்ணோடு 8-ஐக் கூட்டித் தன் எண்ணாக வைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கு 255-க்கு மேல் எண்ணத் தெரியாது. எக்ஸ் நெறிமுறையில் கீ எண்ணுக்கு ஒதுக்கிய இடமே ஒரு பைட்தான். ஆக கர்னல் எண் 247 வரை உள்ள கீக்கள்தான் கடந்து போகும். ரிமோட்டுக்கென்றே உருவான கீக்கள் எல்லாம் இதற்கு மேலே இருக்கின்றன: ஓகே 352, அடுத்த சேனல் 402, முந்தைய சேனல் 403, சிவப்பு பச்சை மஞ்சள் நீலம் என்ற நான்கு வண்ணப் பட்டன்கள் 398 முதல் 401 வரை. சில கீமேப்களில் இலக்கப் பட்டன்கள்கூட கீ_நியூமெரிக் வகையில், 512-இல் தொடங்கும் எண்களோடு இருக்கும். இவை எல்லாம் எக்ஸ் வாசலில் சத்தமில்லாமல் விழுந்துவிடும். பிழைச் செய்திகூட வராது.

தீர்வு, கீமேப்பில் ரிமோட்டுக்கான பெயர்களை எடுத்துவிட்டுச் சாதாரண கீபோர்டின் பெயர்களைப் போடுவது. ஓகே இருந்த இடத்தில் கீ_என்டர். அதன் எண் 28, எட்டைக் கூட்டினால் 36, தாராளமாக உள்ளே போகும். சேனலுக்குக் கீ_பேஜ்அப், கீ_பேஜ்டவுன். கீ_நியூமெரிக்_5 இருந்தால் வெறும் கீ_5. வண்ணப் பட்டன்களுக்கு உங்கள் பிளேயரில் வேறு வேலை இல்லாத எஃப் வரிசைக் கீக்கள். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலாண்டில் ஓடும் நிரல்களுக்கு 255 என்ற இந்த வேலி கிடையாது, ஆனால் உங்கள் பிளேயர், எக்ஸ் நிரல்களை வேலாண்டில் ஓட்டும் எக்ஸ்வேலாண்ட் வழியாக ஓடினால் அதே கதைதான்.

கீமேப்பில் கை வைக்கும்போதே பவர் பட்டனையும் கவனியுங்கள். பெரும்பாலான அட்டவணைகளில் அது கீ_பவர், எண் 116. சிஸ்டம்டி என்ற சேவை மேலாளர் இருக்கும் கணினிகளில் அதன் பகுதியான லாகின்டி அதைப் பெட்டியின் முகப்பில் உள்ள பவர் பட்டனாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். பிளேயர் மூடும் என்று நினைத்து அழுத்தினேன். பாதியில் ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டிங்கோடு சேர்ந்து கணினியே அணைந்தது. லாகின்டி.கான்ஃப் கோப்பில் ஹேண்டில்பவர்கீ=இக்னோர் என்று வைக்கலாம், ஆனால் அப்போது பெட்டியின் உண்மையான பட்டனும் சேர்ந்து செயலிழக்கும். நான் ரிமோட்டின் பவர் பட்டனுக்குக் கீ_ஸ்டாப் என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறேன்.

ஒருமுறை ஏற்றிய கீமேப் ரீஸ்டார்ட் வரைதான் நிற்கும். நிலைக்க வேண்டுமென்றால் /ஈடிசி அடைவில் இருக்கும் ஆர்சி_மேப்ஸ்.சிஎஃப்ஜி கோப்பில் டிரைவர் பெயர், இப்போது தானாக ஏறும் கீமேப்பின் பெயர், உங்கள் கோப்பின் பெயர் என்று மூன்று பத்திகளாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கார்டு கண்ணில் பட்டதும் யுடெவ் அதை ஏற்றிக்கொள்ளும். பட்டனை அழுத்திப் பிடித்தால் வால்யூம் ஆமை வேகத்தில் ஏறுகிறது என்றால், --டிலே, --பீரியட் என்று இரண்டு ஆப்ஷன்கள் உண்டு. இயல்பில் முதல் திரும்பலுக்கு 500 மில்லிசெகண்ட், பிறகு 125-க்கு ஒருமுறை. ஆனால் டிலேயை ரொம்பவும் குறைத்தால் ஒருமுறை அழுத்தியதே இரண்டாக விழ ஆரம்பிக்கும்.

இரண்டாக விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது நாம் முதலில் நிறுத்திவைத்த லிர்க். கர்னல் கீயை டெஸ்க்டாப்புக்குக் கொடுக்கிறது. அதே கீயை லிர்க்கும் படித்துப் பிளேயருக்குச் சொல்கிறது. பிளேயர் இரண்டையும் கேட்டுக்கொண்டு ஒரே அழுத்தலுக்கு இரண்டு மெனு தாண்டுகிறது. உங்கள் பிளேயர் கீபோர்டுக் கீக்களைப் புரிந்துகொள்ளுமானால் லிர்க் தேவையே இல்லை. ஒரு பட்டனுக்கு ஒரு கமாண்ட் ஓட வேண்டும், அவ்வளவுதான் என்றால் ட்ரிகர்ஹேப்பி என்ற சின்ன நிரலே செய்துவிடும். லிர்க் மொழி மட்டுமே தெரிந்த பழைய நிரல் ஒன்றை விட முடியாது என்றால்தான் லிர்க்கைத் திரும்ப எழுப்ப வேண்டும். அப்போது அதன் டிரைவராக டெவ்இன்புட்டைக் கொடுங்கள், சாதனத்துக்கு ஈவெண்ட் எண்ணைக் கொடுக்காமல் /டெவ்/இன்புட்/பை-பாத் அடைவில் உள்ள பெயரைக் கொடுங்கள், ஏனென்றால் ஈவெண்ட் எண் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். கூடவே ஒரு யுடெவ் விதி எழுதி, அந்தச் சாதனத்துக்கு லிப்இன்புட்_இக்னோர்_டிவைஸ் என்பதை 1 ஆக்கிவிட்டால் டெஸ்க்டாப் அதைத் தொடாது, இரட்டை அழுத்தலும் நின்றுவிடும்.

யூஎஸ்பி ட்யூனர் வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன அதே வழிதான், கார்டு எண் சமாசாரம் மட்டும் பெரும்பாலும் தொல்லை தராது. ஈஎம்28எக்ஸ்எக்ஸ் சிப் என்றால் ரிமோட்டுக்கு ஈஎம்28எக்ஸ்எக்ஸ்_ஆர்சி என்று தனி மாட்யூல் இருக்கிறது, அது ஏறியிருக்கிறதா என்று எல்எஸ்மாட் கொடுத்துப் பாருங்கள். டிவிபி-யூஎஸ்பி வகை என்றால், டிசேபிள்_ஆர்சி_போலிங் என்ற ஆப்ஷனை எப்போதோ நீங்களே மோட்ப்ரோப்.டியில் போட்டு மறந்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். டிமெசேஜ் நிரம்பி வழிகிறது என்று பலர் அதைப் போட்டுவிடுவார்கள்.

இத்தனைக்கும் பிறகு உங்கள் கார்டு முதல் சாதி என்று தெரிந்து, அதன் ரிமோட்டும் உடைந்தோ தொலைந்தோ போயிருந்தால், கார்டின் சென்சாரோடு மேலும் நேரம் செலவழிக்காதீர்கள். மீடியா சென்டர் கணினிகளுக்காக வந்த யூஎஸ்பி அகச்சிவப்பு ரிசீவர் ஒன்றைச் சொருகுங்கள். எம்சிஈயூஎஸ்பி என்ற டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. துடிப்பை அப்படியே கர்னலுக்குக் கொடுக்கும் சாதி என்பதால் வீட்டில் சும்மா கிடக்கும் ஏதாவது ஒரு ரிமோட்டை எடுத்து, --டெஸ்ட் ஓட்டி, மேலே சொன்னபடி கீமேப் எழுதிக்கொள்ளலாம். படம் காட்டுவதைப் பழைய கார்டு தன்பாட்டுக்குப் பார்த்துக்கொள்ளும்.